படுத்திருந்த தண்ணீர்

அம்புஜம் மேடத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் ஆபீசில் இன்னும் ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மேடம் எண்களை மாற்றி எழுதிவிட்டார் என்கிறான் ஒருவன். ரிசார்ட்காரர்களோடு ஏதோ சொந்தப் பகை என்கிறான் இன்னொருவன். கேட்டுக் கேட்டு எனக்கு வயிற்றெரிச்சல். நடந்ததை முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மேடம், அவர் வாயைத் திறக்க மாட்டார். இன்னொருவன் நான்.

என் பெயர் ஃபிராங்க்ளின், பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரன். மலை ஓடைகளை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் உதவியாளனாக இருந்துவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். பாட்டில் கழுவுவது, மலைக்குப் போனால் வலையும் பெட்டியும் சுமப்பது, திரும்பி வந்ததும் மேடத்தின் நோட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, இவைதான் என் வேலை. பிடித்து வரும் பூச்சிகளை ஸ்பிரிட்டில் போட்டு வைப்போம். அந்த வாடை சட்டையில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். சர்ச்சில் ஒருவர் என்னைத் தனியாக அழைத்துப் போய், குடியை விட வேண்டும் என்று ஜெபமே செய்தார். என் மனைவி லீனா பக்கத்தில் நின்று சிரித்தாளே தவிர, எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

மேடம் ஸ்ரீராம்புரத்துப் பெண். குடும்பம் வட ஆற்காட்டிலிருந்து வந்தது. அப்பாவுக்குத் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கிற வேலை. எந்தச் சந்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பதை அவர் கையில் இருந்த நீளமான இரும்புச் சாவிதான் முடிவு செய்யும். தெருவில் பாதிப் பேர் அவருக்குக் காபி கொடுப்பார்கள், மீதிப் பேர் சாபம் கொடுப்பார்கள். "எங்கப்பா திட்டு வாங்காத நாளே கெடையாது, ஃபிராங்க்ளின். குழாய்ல காத்து வந்தா அதுக்கும் அவர்தான் காரணம்" என்று மேடம் சொல்வார். கூட்டங்களில் பிசிறில்லாத இங்கிலீஷ் பேசுகிற அந்த அம்மாள், என்னிடம் மட்டும் ஸ்ரீராம்புரத்துத் தமிழில்தான் பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே சந்தில், அதே வீட்டின் மாடியில் இன்றைக்கும் இருக்கிறார்.

எங்கள் இன்ஸ்டிடியூட்டில் மரியாதை எல்லாம் புலிக்கும் யானைக்கும்தான். காலண்டரில் படம் போட்டால் புலி. பத்திரிகைக்காரர்கள் வந்தால் யானைகளை ஆராய்கிற யானைக்காரரின் அறை. மேடம் ஆராய்ந்ததோ, விரல் நகத்தில் பாதிகூட இல்லாத பூச்சி. மலை ஓடைகளில் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், வாலில் இரண்டு மயிர். அதற்கு வாயில் நுழையாத லத்தீன் பெயர் உண்டு. நான் கல்லடிப் பூச்சி என்பேன், மேடமும் என்னிடம் அப்படியே சொல்வார். இறக்கை முளைத்துப் பறப்பதற்கு முன், இந்தப் பூச்சி ஒரு வருடத்துக்கு மேல் தண்ணீரிலேயே வளர வேண்டும். நடுவில் ஒரு வாரம் ஓடை காய்ந்தாலும் செத்துப்போகும். அதனால் வளர்ந்த கல்லடிப் பூச்சி ஓர் ஓடையில் இருக்கிறதென்றால், அந்த ஓடை வருடம் முழுவதும் வற்றவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை மந்திரிமார்களின் செயலாளர்களுக்கு டைப் அடித்து அனுப்பியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரு பதிலும் வந்ததில்லை.

வேலை என்னவோ பெங்களூர் ஆபீஸில், ஆனால் ஓடைகள் இருந்தது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மலைநாட்டில். மாதம் ஒருமுறை போய் ஏழு ஓடைகளைப் பார்க்க வேண்டும். வனத்துறை அனுமதிக் கடிதம் வராது, வந்தால் ஜீப் வராது, ஜீப் வந்தால் மழை விடாது. மேடத்தின் இடது முட்டி ஒரு பாறையில் போனது, இரண்டு வருடம் கழித்து வலது முட்டியும் போனது. சாக்ஸைக் கழற்றினால் அட்டைகள் குண்டு குண்டாக விழும். திரும்பி வந்தால் வெள்ளைத் தட்டில் சேற்றைக் கொட்டி, சாமணத்தால் ஒவ்வொரு பூச்சியாகப் பொறுக்க வேண்டும். ஒரு பாட்டிலுக்கு அரை நாள். மாதத்துக்கு நாற்பது பாட்டில். பிஎச்.டி. செய்ய வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக யானைக்காரரிடம் போய்ச் சேர்ந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வழி இருந்தால் நானும் போயிருப்பேன்.

அந்த ஏழில் ஒன்று ஜேனுஹள்ளா. கன்னடத்தில் ஹள்ளா என்றால் ஓடை. ஒரு காபித் தோட்டத்துக்கு மேலே காட்டில் பிறந்து, தோட்டத் தொழிலாளிகளின் லைன் வீடுகள் பக்கமாக இறங்கும். அந்த நாற்பது வீட்டுக்கும் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான். அங்கே பழனிச்சாமி என்று ஒரு காவல்காரர், சேலத்துப் பக்கத்துக்காரர், மேடத்தின் வயதுதான். நாங்கள் முதன்முதலில் ஏப்ரலில் போனபோது ஓடையில் தண்ணீரே கண்ணில் படவில்லை. வெறும் கல். மேடம் முகம் வாடிப்போனது. பழனிச்சாமிதான் சொன்னார்.

"வத்தலீங்கம்மா. தண்ணி படுத்திருக்குதுங்க."

"படுத்திருக்கா?"

"ஆமாங்க. வெயில் காலத்துல கல்லுக்கடியில படுத்துக்கும். மேல தெரியாது. உள்ளுக்குள்ள போய்ட்டுத்தான் இருக்கும்."

அவர் ஒரு கல்லைப் புரட்டி, கையால் மணலை வாரி எடுத்தார். ஒரு சாண் ஆழத்தில் குளிர்ந்த தண்ணீர் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மேடம் கல்லின் அடியைப் பார்த்தார். கல்லடிப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்களிடம் இருந்தது சின்னக் காத்தாடி வைத்த மீட்டர். ஓடுகிற தண்ணீரில் அதைப் பிடித்தால் சுற்றும், வேகம் தெரியும். கல்லுக்கடியில் படுத்திருக்கும் தண்ணீரில் அதை எங்கே பிடிப்பது? அளக்க முடியாது. ஆனால் வற்றவும் இல்லை. மேடம் அதற்கு ஒரு குறி வைத்துக்கொண்டார். நோட்டில் நீரோட்டத்துக்கான கட்டத்தில் 'ப' என்று ஒரே எழுத்து போடுவார். படுத்திருக்கு என்பதன் ப. மற்றதெல்லாம் இங்கிலீஷில் இருக்கும், அந்த ஓர் எழுத்து மட்டும் தமிழில். ஆரம்பத்தில் நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவரேதான். அதனால் இந்தக் குறியைப் பற்றி என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நானும் கேட்கவில்லை.

2010 மழைக்காலத்தில் வேலை கூடியது, டைப் செய்வது என் தலையில் வந்தது. எங்களுக்கு ஒரு முறை உண்டு. நான் டைப் செய்து முடித்ததும் இருவரும் உட்காருவோம். நான் நோட்டைச் சத்தமாகப் படிப்பேன், அவர் திரையைப் பார்த்துக்கொண்டே வருவார். மண்டை காய்கிற வேலை. ஆனால் அதைச் செய்யாமல் ஓர் எண்ணும் உள்ளே போகக் கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்தை அவரே ஒரு தடவை மீறினார். 2011 மே மாதம். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். "நீங்களே பார்த்துடுங்க ஃபிராங்க்ளின்" என்று போனில் சொன்னார். நானே பார்த்தேன். நானே டைப் செய்ததை நானே பார்த்தால் என்ன தெரியும்? அப்பா இறந்த பிறகு மேடத்துக்கு வீட்டில் ஆயிரம் வேலை. இனி நானே பார்த்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. நான்கு வருடம் அப்படியே ஓடியது.

2016-ல் அவருடைய பெரிய கட்டுரை ஓர் அறிவியல் பத்திரிகையில் வெளிவந்தது. அந்த மலைச்சரிவின் ஓடைகள் ஏப்ரல் மாதத்தில் வற்ற ஆரம்பித்துவிட்டன என்று அது சொன்னது. முதல் தடவையாகப் பத்திரிகைக்காரர்கள் யானைக்காரரின் அறையைத் தாண்டி எங்கள் அறைக்கு வந்தார்கள். வெளிநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். அவருடைய பதவி உயர்ந்தது. அறுபது வயதானபின் ஆலோசகராக இரண்டு வருடம் இருக்கலாம் என்ற வாக்கும் அந்தக் கட்டுரையால்தான் கிடைத்தது. நானும் லீனாவிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நான் டைப் அடித்த எண்கள் அல்லவா.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு காலையில் மேடம் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். ஜேனுஹள்ளாவுக்கு மேலே எழுபது அறை ரிசார்ட் ஒன்று வரப்போகிறது. ஓடையின் குறுக்கே சுவர் கட்டி, வருடம் முழுவதும் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். வற்றாத ஓடையாக இருந்தால் அனுமதி கிடைக்காது, மழைக்கால ஓடையாக இருந்தால் கிடைக்கும். அது மழைக்கால ஓடைதான் என்பதற்கு அவர்கள் ஒரே ஓர் ஆதாரம் காட்டியிருந்தார்கள். மேடத்தின் கட்டுரை.

"ஜேனுஹள்ளா எப்ப வத்துச்சு?" என்று கேட்டார்.

"நம்ம பேப்பர்லதான் இருக்கு மேடம். நாலு ஏப்ரல் பூஜ்யம்."

"இருக்கு. நான்தான் எழுதினேன். ஆனா எப்ப வத்துச்சு?"

அலமாரியைத் திறந்து 2012 ஏப்ரல் பாட்டிலை எடுக்கச் சொன்னார். உள்ளே பென்சிலில் எழுதிய சீட்டு, ஜேனுஹள்ளா, தேதி. பதினோரு கல்லடிப் பூச்சி, எல்லாம் நன்றாக வளர்ந்தவை. மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வற்றிய ஓடையில் இந்தப் பூச்சி எப்படி இருக்கும்? அவர் கேட்கவில்லை, எனக்கே தோன்றியது. இரும்புப் பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்து வந்தேன். மழையில் நனைந்து காய்ந்து உப்பிப்போன நோட்டு. மேடம் அந்தத் தேதியைத் திறந்து, கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா?"

"பூஜ்யம் மேடம்."

"நல்லா பாருங்க."

பார்த்தேன். ஈரக் காகிதத்தில், பென்சிலில், அவசரத்தில் போட்ட எழுத்து. இரண்டு கொம்பும் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"பூஜ்யம்தான் மேடம்."

"ப, ஃபிராங்க்ளின். அது ப. படுத்திருக்கு."

நான் உட்கார்ந்துவிட்டேன். தமிழ் படிக்கத் தெரிந்தவன், தமிழில் பைபிள் வாசிக்கிறவன், நான்கு வருடம் ப-வைப் பூஜ்யம் என்று படித்து ஏற்றியிருக்கிறேன். சுற்றிலும் இங்கிலீஷும் எண்களுமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு தமிழ் எழுத்து இருக்கும் என்று எவன் எதிர்பார்ப்பான்? இது இன்றைக்கு நான் சொல்லிக்கொள்கிற சமாதானம்.

அந்த வாரம் முழுக்க இருவரும் உட்கார்ந்து நோட்டுகளைப் புரட்டினோம். நான் படிக்க, அவர் திரையைப் பார்க்க, பழைய முறையில். கட்டுரையில் இருந்த பூஜ்யங்கள் இருபத்துமூன்று. அவற்றில் பத்தொன்பது ப. நிஜமாகவே காய்ந்தது நாலே நாலு. அந்தப் பத்தொன்பதை எடுத்துவிட்டால் கட்டுரையில் சொல்வதற்கு எதுவுமே மிச்சமில்லை.

"நான் பார்த்திருக்கணும்" என்றார் மேடம். "ஏழு ஓடை, ஒரே மாதிரி பூஜ்யம் வருது, பூச்சி மட்டும் அப்படியே இருக்கு. எவ்ளோ பெரிய கேள்வி அது? கேக்கவே இல்ல. ஏன்னு சொல்லட்டுமா? ஓடை வத்திரும்னு நான் ஏற்கெனவே நெனச்சிட்டிருந்தேன். நெனச்ச மாதிரியே நம்பர் வந்துச்சு. நோட்டுல நானே ப போட்டது ஞாபகத்துக்கே வரல. சந்தோஷமா எடுத்துக்கிட்டேன்."

இப்போது நிலைமை இதுதான். ஜேனுஹள்ளா பிழைக்க வேண்டுமென்றால் மேடம் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற வேண்டும். அதைச் செய்தால் அவருடைய பெயர் போகும். செய்யாவிட்டால், ஆகஸ்டில் அந்த ஊரில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஓடை போகும்.

எங்கள் இயக்குநர் ஸ்ரீகண்டன் கெட்டவர் இல்லை. மைசூர்க்காரர், வயதில் சின்னவர், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். நானும் மேடத்தோடு அவர் அறைக்குப் போயிருந்தேன்.

"மேடம், நவம்பர்ல ரிவ்யூ கமிட்டி வருது. இந்த நேரத்துல வித்ட்ரா பண்ணா இன்ஸ்டிடியூட்டையே சந்தேகப்படுவாங்க. டிசம்பர் முடியட்டும். அப்புறம் ஒரு சின்னத் திருத்தம் போட்டுக்கலாம்."

"ஹள்ளா ஆகஸ்ட்ல போயிரும் சார்."

"ஒரு ஹள்ளா மேடம். கொஞ்சம் யோசிங்க. உங்க எக்ஸ்டென்ஷன் ஃபைலும் என் டேபிள்லதான் இருக்கு. இந்த மிஸ்டேக் எப்படி நடந்துச்சு, யாரு என்ட்ரி பண்ணாங்க?"

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எனக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. விசாரணை என்று ஒரு காகிதம் வந்தால் ஓய்வுப் பணம் எல்லாம் நிற்கும். வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன், திறக்கவில்லை.

"என் கையெழுத்து சார். நான்தான் சரியா பார்க்கல" என்றார் மேடம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து லீனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்ப அவங்களே சொல்லிக்கிட்டாங்க. உனுக்கு வசதியா போச்சு" என்றாள்.

"நான் சொல்லாமயா இருக்கப்போறேன்?"

"எப்ப, ரிட்டயர் ஆனப்புறமா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கோபம் வந்திருக்காது.

மறுநாள் மேடம் அந்த அறிவியல் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை என்னிடமே டைப் அடிக்கக் கொடுத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், தவறு என்னுடையது, சரிபார்க்கத் தவறிவிட்டேன் என்று ஆறு வரி. என் பெயர் எங்கேயும் இல்லை.

"இதுல என் பேரையும் போடுங்க மேடம்."

"எதுக்கு? ப-வை மூடி எழுதினது யாரு, நான். குறி இன்னான்னு உங்ககிட்ட சொல்லாம விட்டது யாரு, நான். பார்க்காம கட்டுரை எழுதினது யாரு?"

"அப்ப நான் இன்னா பண்ணேன்?"

"நீங்க டைப் பண்ணீங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. அன்றைக்கு அந்த ஒரு சொல் திட்டை விட மோசமாக இருந்தது. கடிதத்தை அடித்துக் கொடுத்தேன். அனுப்பிய பதினைந்தாம் நாள் கட்டுரையின் மேல் சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று வந்தது. ஆலோசகர் பதவி ஃபைல் ஸ்ரீகண்டன் மேசையிலிருந்து காணாமல் போனது. காரிடாரில் எதிரே வந்த யானைக்காரர் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். மேடம் வழக்கம்போல மெட்ரோவில் வந்தார், தட்டில் பூச்சி பொறுக்கினார், ஐந்தரைக்குப் போனார். களைத்துப்போயிருந்தார் என்று நான் சொன்னால் அது சின்ன வார்த்தை. டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைப் பார்ப்பார், மறுபடி மூடி வைப்பார்.

ஆகஸ்டில் கூட்டம். கொட்டுகிற மழையில் தாலுகா ஆபீஸ் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேடையில் ஓர் அதிகாரி, ஒரு பக்கம் ரிசார்ட்காரர்களின் வக்கீல், பின்னால் லைன் வீட்டு ஜனம் முப்பது பேர் நனைந்த கம்பளியோடு. பழனிச்சாமியும் இருந்தார். மேடம் கன்னடத்தில் பத்து நிமிடம் பேசினார். கட்டுரை தவறு, ஓடை வற்றுவதில்லை, ஏப்ரலில் தண்ணீர் கல்லுக்கடியில் ஓடுகிறது, இதோ அந்த வருடங்களின் பூச்சிகள் என்று பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்தார்.

வக்கீல் எழுந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"எட்டு வருடத்துக்கு முன் வற்றுகிறது என்று உலகத்துக்கே சொன்னீர்கள், மேடம். இன்றைக்கு அது தவறு என்கிறீர்கள். அன்றைக்குத் தவறியவர் இன்றைக்குத் தவறவில்லை என்று நாங்கள் எப்படி நம்புவது?"

மண்டபத்தில் சிரிப்பு. மேடம் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"நோட்டைத் தப்பாகப் படித்தது நான்தான்" என்று எழுந்து கன்னடத்தில் சொன்னேன். "என் பெயர் ஃபிராங்க்ளின். டைப் செய்தது நான். மேடம் சரியாகத்தான் எழுதியிருந்தார்."

மேடம் திரும்பிப் பார்த்த பார்வையில் நன்றி கிடையாது. "உக்காருங்க ஃபிராங்க்ளின்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

வக்கீலுக்குக் கொண்டாட்டம். தவறு யாருடையது என்பதில்கூட இவர்களுக்குள் ஒற்றுமை இல்லையே என்றார். அதற்கும் சிரித்தார்கள். நல்லது செய்யப் போய் நானே காலை வாரிவிட்டேன் என்று தோன்றியது.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அந்த நோட்டைக் காட்டுங்கள் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை உற்றுப் பார்த்தார். கன்னடக்காரர், தமிழ் எழுத்து தெரியாது.

"சொன்னே" என்றார். கன்னடத்தில் பூஜ்யம். "எனக்கும் சொன்னேதான் தெரிகிறது, மேடம்."

"தமிழ் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள்" என்றார் மேடம்.

தமிழ் தெரிந்தவன் நானும்தான். நானே அதைப் பூஜ்யம் என்றவன். நோட்டு பின்பக்கம் போனது. ஒவ்வொருவராகப் பார்த்துப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள். லைன் வீடுகளில் பேசுவது தமிழ்தான், ஆனால் பெரியவர்கள் பலருக்குப் படிப்பில்லை, பிள்ளைகள் படித்ததோ கன்னடப் பள்ளிக்கூடம். கடைசியில் பழனிச்சாமி கைக்கு வந்தது. அவர் இரண்டாம் வகுப்பு வரை சேலத்தில் படித்தவராம். வாசல் வெளிச்சத்துக்குப் போய் நோட்டைச் சாய்த்துப் பிடித்தார்.

"இது ப-ங்க" என்றார்.

"நிச்சயமாகவா?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் சொன்ன வார்த்தைதானுங்களே. அம்மா எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கே பார்த்தேன்."

இவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர், இவர் வேறு எப்படிச் சொல்வார் என்றார் வக்கீல். அதுவும் நியாயமான கேள்விதான், எரிச்சலாக இருந்தாலும். அதிகாரி பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, ஓர் எழுத்தை வைத்துத் தன்னால் எந்தப் பக்கமும் முடிவு சொல்ல முடியாது என்றார். வரும் ஏப்ரலில் அரசுப் பொறியாளர், கம்பெனியின் ஆள், தொழிலாளிகள், எல்லோரும் ஓடைக்கே போவார்கள். கல்லைப் புரட்டிப் பார்ப்பார்கள். அதுவரை ஒரு செங்கல் வைக்கக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை பெங்களூர் பஸ் ஏறினோம். ஹாசன் தாண்டும்வரை மேடம் என்னிடம் பேசவில்லை. நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நூறு தடவை நினைத்தேன். சொன்னதற்காக வருத்தம் இல்லை, சொன்ன இடத்துக்காகத்தான் வருத்தம். ஸ்ரீகண்டன் அறையில் சொல்லியிருக்க வேண்டியது அது.

"மேடம், கோவமா?"

"டயர்டா இருக்கு ஃபிராங்க்ளின். கோவப்படத் தெம்பு இல்ல." கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏப்ரல்ல நான் வேலைல இருக்க மாட்டேன்" என்றார்.

"நானும்தான் மேடம்."

"அப்ப லீவு எழுதிக் குடுக்க வேண்டியதில்ல."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஏப்ரலுக்கு யார் யார் வருவார்கள் என்று அதிகாரி கொடுத்த காகிதத்தை எடுத்து ஒருமுறை படித்தார். பொறியாளர் இருவர், கம்பெனி நிபுணர் ஒருவர், பத்திரிகைக்காரர்களுக்கும் நகல். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பெங்களூர் நெருங்கி, நெலமங்களா பக்கம் வரும்போது கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"வாங்க, வந்து ஒரு கல்லைத் தூக்கிப் பாருங்கன்னு எத்தனை வருஷமா எத்தனை பேருக்கு எழுதியிருப்போம், ஃபிராங்க்ளின். ஒருத்தர் வரல. தப்பு பண்ணிட்டேன்னு ஒரே ஒரு லெட்டர் எழுதினேன். இப்ப எல்லாரும் வராங்க."